தூங்குமூஞ்சிக் கம்பம்

"எல்லாரும் கப்சிப்!"

பாட்டு டீச்சர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தியதும் பள்ளிக்கூட மண்டபம் அடங்கியது. கடைசி வரிசையின் ஓரத்தில் நின்ற ஒரு பையன் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

பாவம், அவனுடைய பட்டப்பெயரே கப்சிப்தான். போன வருஷம் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவான். ரொம்பக் கேட்டால் கரும்பலகையில் பதிலை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வான். டீச்சர் "கப்சிப்!" என்று சத்தம் போடும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பான். வகுப்பே களுக்கென்று சிரிக்கும்.

இன்றும் சிரித்தது. மேடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த திருகாணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

திருகாணி என்பதும் பட்டப்பெயர்தான். கையில் எது கிடைத்தாலும் முதல் வேலையாக அதன் திருகாணிகளைக் கழற்றிவிடுவாள். சுவர்க் கடிகாரம், அப்பாவின் டார்ச், அத்தை மகளின் பேசும் பொம்மை என்று அவள் கைவைக்காத பொருளே வீட்டில் கிடையாது. கழற்றியதைத் திரும்ப மாட்டியும் விடுவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு திருகாணி மிச்சமாகிவிடும். அது எப்படி என்று அவளுக்கே புரிந்ததில்லை.

ஆண்டு விழாவுக்காக இந்த முறை அவள் செய்திருந்தது கொஞ்சம் பெரிய சமாசாரம். பாடுகிறவர்கள் நிற்கும் படிகளுக்குப் பின்னால், மேடையில் ஏழு கம்பங்கள் வரிசையாக நின்றன. பால் நிறப் பிளாஸ்டிக் குழாய்கள். உள்ளே அடியிலிருந்து நுனி வரை பொட்டுப் பொட்டாக விளக்குகள்.

அவள் மடியில் ஒரு குட்டிக் கணினிப் பலகை இருந்தது. அதன் முதுகில் இன்னொரு பலகை சவாரி செய்தது. அதற்குப் பெயர் ஒலிப்பலகை. மைக் வழியாக வரும் சத்தத்தை வாங்கி ஏழாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கல், மணல், தூசு என்று சலித்துப் பிரிக்கிற சல்லடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரொம்பத் தடித்த சத்தம் முதல் கம்பத்துக்குப் போகும். டமார் என்று கதவைச் சாத்தினால் அது எரியும். ரொம்ப மெல்லிய சத்தம் ஏழாவது கம்பத்துக்குப் போகும். சாவிக்கொத்தைக் குலுக்கினால் அது எரியும். மற்ற சத்தமெல்லாம் நடுவில் உள்ள கம்பங்களுக்கு. சத்தம் எவ்வளவு பலமோ, விளக்கு அவ்வளவு உயரம் ஏறும்.

லீவு முழுக்க அவள் விளையாடப் போகவில்லை. இந்தக் கம்பங்களோடுதான் குடும்பம் நடத்தினாள்.

"ம், ஆரம்பிங்க!" என்றார் டீச்சர்.

பெரிய டிரம் 'தம்' என்றது. முதல் கம்பம் சிவப்பாகப் பற்றிக்கொண்டது. வகுப்பு பாடத் தொடங்கியது. டீச்சரே எழுதி மெட்டுப் போட்ட ஆற்றுப் பாட்டு அது.

"ஆறு வருது, ஆறு வருது, வழி விடுங்க..."

மூன்றாவது கம்பம் மஞ்சளாக எழுந்தது. நான்காவது பச்சை, ஐந்தாவது நீலம். முன்வரிசையில் நின்ற குயில் என்ற பெண் உச்சக் குரலைத் தொட்டபோது ஆறாவது கம்பமும் துள்ளியது. ஒருவர் கையில் இருந்த சலங்கைக்கு ஏழாவது மினுமினுத்தது.

இரண்டாவது கம்பம்?

அது லேசாகத் தலையைத் தூக்கியது. 'எதற்கு வம்பு' என்று மறுபடியும் படுத்துக்கொண்டது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயையோ, அந்த ரெண்டாவது இன்னிக்கும் எழுந்திருக்கலையா?" என்றாள் குயில். "சரியான தூங்குமூஞ்சிக் கம்பம்!"

பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வகுப்பில் பட்டப்பெயர் வைக்க மட்டும் யாரும் சோம்பல்பட்டதே இல்லை.

டீச்சர் அருகில் வந்து குனிந்தார். நல்ல டீச்சர்தான். ஆனால் ஆண்டு விழா நெருங்கினால் அவருக்குத் தலைகால் புரியாது. "ஏன்டா கண்ணா, பல்லு விழுந்த வாய் மாதிரி நடுவுல ஒண்ணு இருட்டா நிக்குதே. பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சரி பண்ணிடுவேன் டீச்சர்."

"நாளைக்குக் கடைசி ஒத்திகை. அதுக்குள்ள ஏழும் எரிஞ்சா மேடையில நிக்கும். இல்லேன்னா நான் கலர் பல்பு மாலையைத் தொங்க விட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

கலர் பல்பு மாலை! எந்தப் பாட்டுக்கும், யார் கத்தினாலும், ஒரே மாதிரி 'பிளிங் பிளிங்' என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அது! திருகாணி ஒயர்களைச் சுருட்டி, ஏழு குழாய்களையும் ஒரே கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் வீட்டின் முன்னறைதான் அம்மாவின் கடை. போன், ரேடியோ, ஸ்பீக்கர் என்று வாயுள்ள பொருள் எது வாயடைத்துப் போனாலும் அம்மாவிடம்தான் வரும். மேஜை முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். எப்போதும் ஈயம் உருகும் வாசனை.

திருகாணி பையை எறிந்துவிட்டு நேராக சால்டரிங் கம்பியை எடுத்தாள். இரண்டாவது கம்பத்தின் ஒயர் ஒட்டிய இடத்தை உருக்கி மறுபடியும் ஒட்டினாள். விளக்குகளை மாற்றினாள். மைக்கை வைத்து, "ஹலோ, ஹலோ" என்றாள். மூன்றாவது எரிந்தது, நான்காவது எரிந்தது. இரண்டாவது பழையபடி சோம்பல் முறித்தது.

"கெட்டுப்போச்சும்மா. இந்த ஒலிப்பலகையே கெட்டுப்போச்சு!" என்று பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா கையில் இருந்த போனை வைத்துவிட்டு வந்தார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் மீட்டரின் இரண்டு முனைகளையும் இங்கும் அங்கும் வைத்துப் பார்த்தார்.

"ஒட்டெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. என்னைவிட நல்லா ஒட்டியிருக்கே."

"அப்ப ஏன் எரிய மாட்டேங்குது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்..."

அம்மா யோசித்து முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"குர்ர்ர்ர்ர்..."

அப்பா பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலை ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கம் தெருவுக்கே தெரியும்.

"குர்ர்ர்ர்ர்..."

இரண்டாவது கம்பம் விருட்டென்று எழுந்தது. அடியிலிருந்து நுனி வரை ஆரஞ்சு நிறத்தில் ஜகஜோதியாக நின்றது. குறட்டை நின்றதும் படுத்துக்கொண்டது. அடுத்த குறட்டைக்கு மறுபடியும் எழுந்தது.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னடி, கம்பம் கெட்டுப்போச்சுன்னே? அது உங்க அப்பாவுக்கு எழுந்து நின்னு மரியாதை பண்ணுது பாரு!"

சிரிப்புச் சத்தத்தில் அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "என்ன, என்ன ஆச்சு?" அவர் குரலுக்கும் கம்பம் பாதிவரை ஏறியது.

"அப்பா, இது உங்க கம்பம்!"

"என் கம்பமா? நான் என்ன பண்ணேன்?" என்றவர் ஒன்றும் புரியாமல் மறுபடியும் படுக்கப் போனார்.

திருகாணியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பலகை பொய் சொல்லவில்லை. கம்பத்திலும் கோளாறு இல்லை. அதற்கு வேண்டியது ஒரு கட்டைக் குரல். பாட்டில் அது இல்லை, அவ்வளவுதான். காதில் விழுந்தால்தானே எழுந்திருக்கும்?

ஆனால் இத்தனை பேர் பாடுகிற வகுப்பில் ஒரு கட்டைக் குரல்கூடவா கிடையாது? நாளைக்கு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஒத்திகையில் திருகாணி கம்பங்களை மறுபடியும் மேடையில் நிறுத்திவிட்டு, நீள ஒயர் மாட்டிய மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர், எல்லாரும் பாடிட்டே இருக்கட்டும். நான் ஒவ்வொருத்தர் முன்னாடியும் மைக்கை வெச்சுப் பாக்கறேன்."

"என்னவோ பண்ணு. சீக்கிரம் பண்ணு," என்ற டீச்சர் கீபோர்டில் குனிந்துகொண்டார்.

பாடுகிறவர்கள் படிகளில் முன்பக்கம் பார்த்து நின்றார்கள். கம்பங்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அதனால் விளக்கு எப்படி ஏறுகிறது என்பது மைக்கோடு எதிரே நின்ற திருகாணிக்கு மட்டும்தான் தெரிந்தது. குயில் முன்னால் மைக்கை வைத்தாள். ஐந்தும் ஆறும் பாய்ந்து எழுந்தன. அடுத்தவனுக்கு மூன்று. அதற்கு அடுத்தவளுக்கு மூன்றும் நான்கும். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையும் முடிந்தது. தூங்குமூஞ்சி அசையவில்லை.

கடைசி வரிசையின் ஓரத்துக்கு வந்தாள். அங்கே கப்சிப் பிரமாதமாகப் பாடிக்கொண்டிருந்தான். வாய் அகலமாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணைக்கூட உருக்கமாக மூடியிருந்தான். திருகாணி அவன் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினாள்.

எல்லாக் கம்பமும் பொத்தென்று இறங்கிவிட்டது.

மைக் செத்துவிட்டதா? விரலால் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது, முதல் கம்பம் எரிந்தது. மறுபடியும் நீட்டினாள். பக்கத்துப் பையனின் குரலுக்கு மூன்றாவது கம்பம் அடியில் கொஞ்சம் மினுங்கியது. மற்றபடி ஒன்றும் இல்லை.

திருகாணிக்குப் புரிந்துவிட்டது. அவன் பாடவே இல்லை. வாயை அசைக்கிறான்.

கப்சிப் கண்ணைத் திறந்தான். எதிரே மைக். மைக்கின் பின்னால் ஆச்சரியத்தில் விரிந்த இரண்டு கண்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. 'சொல்லிவிடாதே' என்று அந்த முகம் கெஞ்சியது.

பாட்டு முடிந்தது. "என்ன, கண்டுபிடிச்சியா?" என்றார் டீச்சர்.

எல்லோரும் திருகாணியைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டால் அவளுடைய கம்பத்தின் மானம் தப்பும். ஆனால் அவன் மானம் போய்விடும்.

"இல்ல டீச்சர். மைக்ல ஏதோ கோளாறு. இதோ சரி பண்ணிடறேன்."

"நெனச்சேன்," என்று குயில் உதட்டைப் பிதுக்கினாள். டீச்சர் பெருமூச்சு விட்டார். "சரி, எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க. வந்ததும் ஒரு தடவை. அதுலயும் எரியலேன்னா பல்பு மாலைதான்."

மண்டபம் காலியானது. திருகாணி மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கோளாறே இல்லாத மைக்கைக் கழற்றுவதுபோல் பாவனை செய்தாள்.

"தேங்க்ஸ்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். யாரோ பெரிய ஆள் வந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். அவ்வளவு கனமான, அடியாழத்திலிருந்து வருகிற குரல். ஆனால் பின்னால் நின்றது கப்சிப்தான்.

அவனுக்கும் பின்னால், இரண்டாவது கம்பம் பாதிவரை எழுந்து நின்றது!

"டேய்! இன்னொரு தடவை பேசு!"

"என்ன பேசறது?"

கம்பம் முக்கால்வாசி ஏறியது.

"எதையாவது பேசு! வாய்ப்பாடு சொல்லு!"

அவன் ஒன்றும் புரியாமல் கைகட்டி நின்று ஆரம்பித்தான். "ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்துநாலு..."

தூங்குமூஞ்சிக் கம்பம் எட்டாம் வாய்ப்பாட்டுக்குக் குதித்துக் குதித்து ஆடியது. திருகாணிக்குக் கூடவே எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இப்படி ஒரு குரலை வெச்சிக்கிட்டு ஏன்டா பாடாம நிக்கறே?"

அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "போன வருஷம் நான் சேர்ந்த அன்னிக்குப் பாட்டு கிளாஸ். சளி வேற பிடிச்சிருந்துது. நான் வாயைத் திறந்ததும் ஒருத்தன், 'லாரி வருது, ஒதுங்குங்க'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் டீச்சர் வந்து, 'வாயை மட்டும் அசைச்சா போதும்'னு சொல்லிட்டாங்க."

"டீச்சரா அப்படிச் சொன்னாங்க?"

"ஆமா. அன்னிலேருந்து அசைக்கிறேன். நல்லாத்தானே பண்றேன்?"

"நல்லாவா? நரம்பெல்லாம் புடைக்குது. நானே ஏமாந்துட்டேனே!"

அவன் சிரித்தான். சிரிப்புக்குக்கூடக் கம்பம் எழுந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றான் பிறகு. "மூணாவது கம்பம் எரியறப்ப ரெண்டாவதும் சேர்ந்து எரியற மாதிரி மாத்திடு. யாருக்கும் தெரியாது. பல்பு மாலையும் வராது, நானும் மாட்டிக்க மாட்டேன்."

செய்யலாம்தான். கணினிப் பலகைக்கு ஒரே ஒரு கட்டளையை மாற்றிக் கொடுத்தால் போதும். திருகாணியின் கை அரிக்கக்கூடச் செய்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை.

"அப்ப அதுவும் உன்ன மாதிரி வாயை மட்டும் அசைக்குமே," என்றாள் மெதுவாக.

அவன் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல குரலை ஒரு வருஷமாக ஒருவன் விழுங்கிக்கொண்டே இருக்கலாமா?

"இங்க பாரு. உன் பேரை நான் சொல்ல மாட்டேன். உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். உனக்காத் தோணினா வா. தோணலேன்னா பல்பு மாலை சிமிட்டிட்டுப் போகட்டும்."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கப்சிப் சட்டென்று தன் இடத்துக்கு ஓடிவிட்டான்.

எல்லோரும் வந்து சேர்ந்ததும் திருகாணி எழுந்து நின்றாள்.

"டீச்சர், மைக்ல கோளாறு இல்ல. கம்பமும் நல்லா இருக்கு. அதுக்கு வேண்டியது ஒரு கட்டைக் குரல். எங்க அப்பாவோட குறட்டைக்கு நுனி வரைக்கும் ஏறிச்சு!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. திருகாணி விடவில்லை.

"நம்ம வகுப்புல அதை எழுப்புற ஆள் யாருன்னு ஒரு போட்டி வெச்சுப் பாக்கலாமா டீச்சர்? யாராலயும் முடியலேன்னா நானே குழாயையெல்லாம் கழட்டிடறேன்."

"நான்! நான்!" ஒரே நேரத்தில் இருபது கை உயர்ந்தது. போட்டி என்று வந்துவிட்டால் அந்த வகுப்பைப் பிடிக்க முடியுமா? டீச்சருக்கே ஆவல் வந்துவிட்டது. "சரி, எல்லாரும் கம்பத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. ஒவ்வொருத்தரா வாங்க!"

டிரம் அடிக்கிற பையன் புலி மாதிரி உறுமினான். இரண்டாவது கம்பம் முழங்கால் உயரம் எழுந்து விழுந்தது. குயில் தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, "ஊஊஊ" என்றாள். மூன்றாவது கம்பம்தான் எரிந்தது. "ச்சே, எனக்கு ஏன் வர மாட்டேங்குது!" என்று காலை உதைத்தாள். இன்னொருத்தி வாளிக்குள் தலையை விட்டுப் பாடினாள். டீச்சர்கூட முயன்றார். அவருடைய குரலுக்கு ஐந்தாவது கம்பம் துள்ளியதும் எல்லோரும் கைதட்டினார்கள். தடித்த குரலுக்கு அந்த மண்டபத்தில் அன்று அப்படி ஒரு கிராக்கி.

கடைசியாக ஒரு நெட்டைப் பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தான். "தள்ளுங்க, நான் லாரி மாதிரி கத்தறேன். டுர்ர்ர்ர்!" முகம் சிவக்கச் சிவக்கக் கத்தினான். கம்பம் இடுப்புவரை வந்தது. உடனே சுருண்டு படுத்தது. "என்னங்கடா, ஏறவே மாட்டேங்குது!"

கப்சிப் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருஷம் 'லாரி வருது, ஒதுங்குங்க' என்று சொன்னவன் இவன்தான். இப்போது லாரியாக முடியவில்லையே என்று ஏங்கி நிற்கிறான்!

"வேற யாராவது இருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

யாரும் வரவில்லை. திருகாணி தரையைப் பார்த்தாள். கடைசி வரிசைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

"சரிப்பா, அப்ப பல்பு மாலையை..."

"டீச்சர்."

மண்டபமே திரும்பியது. இரண்டாவது கம்பம் லேசாகத் தலையைத் தூக்கியது.

கப்சிப் படியிலிருந்து இறங்கி வந்தான். மைக் முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். பழக்க தோஷம், வெறும் வாய்தான் அசைந்தது. யாரோ களுக்கென்றார்கள். அவன் கண்ணை இறுக மூடி, மூச்சை அடிவயிறு வரை இழுத்தான்.

"ஆறு வருது... ஆறு வருது... வழி விடுங்க..."

தூங்குமூஞ்சிக் கம்பம் ஒரே பாய்ச்சலில் நுனியைத் தொட்டது. ஆரஞ்சு வெளிச்சம் கூரைவரை அடித்தது. அவன் 'விடுங்க' என்று இழுத்தபோது அதுவும் இறங்காமல் அப்படியே நின்றது.

நெட்டைப் பையன்தான் முதலில் கத்தினான். "டேய், இதுதான்டா நிஜ லாரி!"

வகுப்பு ஆரவாரித்தது. இந்த முறை கப்சிப்பும் சேர்ந்து சிரித்தான். கம்பமும் சிரிப்புக்கு ஏற்றபடி குலுங்கியது.

டீச்சர் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தார். "இத்தனை நாளா இந்தக் குரல் எங்கடா இருந்துது?"

"நீங்கதான் டீச்சர்... வாயை மட்டும் அசைச்சா போதும்னு சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"நான் சேர்ந்த அன்னிக்கு. எனக்குச் சளி பிடிச்சிருந்துதே..."

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அட கடவுளே! தொண்டை கட்டியிருந்துதே, பாவமேன்னு, 'இன்னிக்கு மட்டும் வாயை அசைச்சா போதும்'னு சொன்னேன்டா! இன்னிக்கு மட்டும்!"

"வாயை மட்டும்னு..."

"இல்லடா, இன்னிக்கு மட்டும்!"

'மட்டும்' என்ற ஒரே ஒரு சொல். சுற்றிலும் சிரித்த சிரிப்பில் அது இடம் மாறி அவன் காதில் விழுந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்க அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டது.

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "நீ வாயை அசைக்கிறதைப் பார்த்துப் பாடறேன்னே நெனச்சிட்டேனே. என் தப்புடா. மன்னிச்சுக்கோ. இனிமே நீ நடுவுல நில்லு." சட்டென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "அந்தப் பல்பு மாலையை யாராவது எடுத்துட்டுப் போய் ஸ்டோர் ரூம்ல போடுங்க!"

திருகாணி விசிலடிக்காத குறைதான்.

விழா அன்று மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. அம்மா கடையைப் பூட்டிவிட்டு முன்கூட்டியே வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார். அப்பா டிரைவர் சட்டையோடு ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். "தூங்கிடாதீங்க. பாட்டே கெட்டுப்போயிடும்," என்று அம்மா அவர் விலாவில் இடித்துவைத்தார்.

விளக்குகள் அணைந்தன. 'தம்' என்றது டிரம். சிவப்பு எழுந்தது. வகுப்பு பாடத் தொடங்கியது. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏழு கம்பங்களும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறி இறங்கின. மேடையில் நிஜமாகவே ஒரு ஆறு புரண்டு வருவதுபோல் இருந்தது. மேடை ஓரத்தில் ஒலிப்பலகையை மடியில் வைத்திருந்த திருகாணி, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நிறத்தைப் பார்த்தாள்.

ஒரு இடத்தில் டிரம் நின்றது. எல்லோரும் பாடுவதை நிறுத்தினார்கள். அது டீச்சர் நேற்றுப் புதிதாகச் சேர்த்த இடம்.

"வழி விடுங்க..."

நடுவில் நின்ற கப்சிப் தனியாகப் பாடினான். இருட்டில் ஒரே ஒரு ஆரஞ்சுக் கம்பம் நுனிவரை எழுந்து நின்றது. கூட்டத்தில் யாரோ "அடேயப்பா!" என்றார்கள்.

"அது என் கம்பம்ல?" என்று அப்பா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இல்லப்பா," என்று திருகாணி ஓரத்திலிருந்தே கிசுகிசுத்தாள். "சொந்தக்காரன் வந்துட்டான்."

பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் ஏழு கம்பங்களும் ஒன்றாக உச்சியைத் தொட்டன. கைதட்டல் நிற்கவில்லை. கம்பங்களும் இறங்கவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். குயில் ஓடி வந்து திருகாணியை மேடை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமே! டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார்.

"எல்லாரும் கப்சிப்!"

மண்டபம் சட்டென்று அடங்கியது. ஏழு கம்பங்களும் இறங்கி அணைந்தன. ஒரு குண்டூசி விழுந்தால் ஏழாவது கம்பம் எரிந்திருக்கும், அப்படி ஒரு அமைதி.

"என்ன டீச்சர், கூப்பிட்டீங்களா?" என்றது ஒரு கனத்த குரல்.

தூங்குமூஞ்சிக் கம்பம் மட்டும் நுனிவரை எழுந்து நின்றது.